கர்ட்டனுக்குப் பின்னாடி நின்னு பாடச் சொல்றாங்க, போகலாமா அக்கா?

வாசகி கடிதம்:

வணக்கம் அக்கா. எனக்கு 27 வயசு, சொந்த ஊர் திருச்சி, இப்ப சென்னையில ஒரு ஸ்கூல்ல மியூசிக் டீச்சர். சனி ஞாயிறுல கல்யாணக் கச்சேரி, எப்பவாவது ரெக்கார்டிங்ல கோரஸ். போன வாரம் ஒரு பெரிய பாடகியோட ஷோ நடத்துற பேண்ட் லீடர் கூப்பிட்டாரு. மலேசியா, சிங்கப்பூர், அப்புறம் அமெரிக்கா. ஆனா நான் மேடையில தெரிய மாட்டேனாம். சைடுல கர்ட்டனுக்குப் பின்னாடி நின்னு மேல் ஸ்தாயி வர்ற இடத்துல மட்டும் மேடம்கூட சேர்ந்து பாடணும், மூணு பாட்டுல மேடம் வாயசைப்பாங்க நான்தான் பாடணும், இதை வெளிய யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாரு. ஒரு ஷோவுக்கு 15,000 ரூபாய். எதுவும் எழுத்துல இல்ல. அம்மா "குரலை வித்துட்டு வராத"ன்னு சொல்றாங்க. இது ஏமாத்து வேலையா அக்கா? ஒரு தடவ போனா கோரஸ்னு முத்திரை குத்திடுவாங்களா? போறதா இருந்தா என்னென்ன கேக்கணும்?

பதில்:

தங்கச்சி, உன் கடிதத்துல அந்தப் பாடகி பேரு, பேண்ட் லீடர் பேரு ரெண்டும் இருந்துச்சு, ரெண்டையும் எடுத்துட்டுதான் போட்டிருக்கேன், உன் கேள்விக்கு அவங்க யாருங்கறது தேவையில்ல. நான் ரொம்ப வருஷமா மேடையிலயும் ரெக்கார்டிங்லயும் கோரஸ் பாடி, இப்ப கோரஸ் செட் பண்ணிக் குடுக்கறவ, அதனால நேரா சொல்லிடறேன்.

போ. ஆனா அவர் சொன்ன வேலை முழுசுக்கும் ஒத்துக்காத. அவர் ஒரே மூச்சுல சொன்னதுல ரெண்டு வேற வேற வேலை கலந்து கெடக்கு. மேடம் பாடும்போது கூட சேர்ந்து பாடறது ஒண்ணு, மேடம் வாயசைக்க நீ பாடறது இன்னொண்ணு. முதல் வேலை கௌரவமான வேலை. ரெண்டாவதுக்கு எவ்ளோ பணம் குடுத்தாலும் நீ போகக்கூடாதுங்கறது என் கருத்து.

முதல் வேலையப் பத்தி வெளிய இருக்கறவங்களுக்கு அதிகம் தெரியாது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். அந்த மேடம் அந்தப் பாட்டெல்லாம் பாடுனது இருபது இருபத்தஞ்சு வயசுல, ஸ்டூடியோல, வரி வரியா, ஒரு சங்கதி சரியா விழலைன்னா அந்த வரிய மட்டும் திரும்ப எடுத்துக்கலாம். இப்ப அதே பாட்ட ரெண்டரை மூணு மணி நேரம், ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு, நடுவுல ஜனங்ககிட்ட பேசிக்கிட்டு, விசில் சத்தத்துக்கு நடுவுல பாடணும். வயசாக ஆக பெண் குரல்ல மேல் ஸ்தாயி குறையறது உடம்போட இயல்பு, குறிப்பா மாதவிடாய் நின்ன பிறகு குரல் கொஞ்சம் கனமாகி கீழ எறங்கும், இதுல அவங்க வெக்கப்பட ஒண்ணும் இல்ல, நாம இளக்காரமா பாக்கவும் ஒண்ணும் இல்ல.

கட்டைய, அதாவது சுருதிய, குறைச்சுட்டா போச்சேன்னு தோணும். குறைக்கத்தான் செய்வாங்க, அஞ்சரைக் கட்டைப் பாட்ட நாலரைக்கு எறக்குவாங்க, ஆனா நம்ம சினிமாப் பாட்டுல சிலது பல்லவி கீழ மந்திர ஸ்தாயி பஞ்சமத்த தொட்டுட்டு வரும், சரணத்துல மேல தார ஸ்தாயி மத்யமம் பஞ்சமம் வரைக்கும் ஏறும், மேல இருக்கறத காப்பாத்த ரொம்ப எறக்குனா கீழ இருக்கறது வெறும் காத்தாப் போயிடும். அதோட கட்டை மாறுனா புல்லாங்குழல்காரர் வேற குழல் எடுக்கணும், கிடார்ல பிடிக்கற கார்டு மாறும், லேப்டாப்ல இருந்து ஓடற ட்ராக் எல்லாத்தையும் திருப்பி ரெடி பண்ணணும். அதனால ஓரளவு எறக்கிட்டு, மிச்சமிருக்கற அந்த நாலஞ்சு உச்ச இடத்துல ஒரு இளம் குரல அடியில வெப்பாங்க. அவங்களும் பாடுவாங்க, நீயும் பாடுவ, சவுண்ட் இன்ஜினியர் உன் மைக் சத்தத்தக் கூட்டிக் குறைக்கற ஃபேடர அவங்க குரலுக்குக் கீழயே வெச்சிருப்பாரு. கேக்கறவங்களுக்கு அவங்க குரல் தெம்பா இருக்கற மாதிரி இருக்கும். பெரிய பெரிய மேடைகள்ல உலகம் பூரா நடக்கற விஷயம் இது. அவங்க பாட்ட அவங்கதான் பாடறாங்க, நீ கை குடுக்கற.

இப்ப ரெண்டாவது. சினிமாவே அப்படித்தானே அக்கா, யாரோ வாயசைக்க யாரோ பாடறதுதானேன்னு நீ கேக்கலாம். 1954ல ஒரே வருஷத்துல டி.எம்.சௌந்தரராஜன் தூக்குத் தூக்கியில சிவாஜிக்கும் பாடுனாரு, மலைக்கள்ளன்ல எம்ஜிஆருக்கும் பாடுனாரு, அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் ரெண்டு பேருக்கும் ரெண்டு விதமா குரல மாத்திப் பாடுனாரு, யாராவது ஏமாந்துட்டோம்னு சொன்னாங்களா? சொல்லல, ஏன்னா பாடறது டிஎம்எஸ்னு எல்லாருக்கும் தெரியும், ரேடியோவுல பேரு சொன்னாங்க, அந்தப் பேருக்காகவே கேட்டாங்க. இந்தப் பேரு போடற பழக்கம்கூட சும்மா வந்துடல. 1949ல மஹல்னு ஒரு இந்திப் படம், அதுல லதா மங்கேஷ்கர் பாடுன பாட்டு நாடு பூரா பிரபலமாச்சு, ஆனா இசைத்தட்டுல பாடகி பேரு காமினின்னு இருந்துச்சு, அது படத்துல வர்ற கதாபாத்திரத்தோட பேரு. யாரு பாடுனதுன்னு ஜனங்க ரேடியோவுக்கு எழுதிக் கேட்ட பிறகுதான் லதா பேரே வெளிய வந்துச்சு.

லைவ் ஷோவுல விஷயம் வேற. கோலாலம்பூர்ல ஒருத்தர் ஆயிரக்கணக்குல செலவு பண்ணி குடும்பத்தோட வர்றது அந்த அம்மா குரல நேர்ல கேக்கத்தான், அவங்க குரல் உடைஞ்சாகூட கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டு கேக்கத்தான். அந்த இடத்துல உன் குரல அவங்க குரல்னு நம்ப வெச்சா அது நம்பி வந்தவங்களுக்குப் பண்ற தப்பு. ஜெர்மனியில இருந்து வந்த மில்லி வனில்லிங்கற பாப் ஜோடி கதை உனக்குத் தெரிஞ்சிருக்கலாம், 1990 பிப்ரவரியில அமெரிக்காவோட பெரிய இசை விருதான கிராமி குடுத்தாங்க, பாடுனது அவங்க ரெண்டு பேருமே இல்லன்னு தெரிஞ்சு அதே வருஷம் நவம்பர்ல திருப்பி வாங்கிட்டாங்க. அதுல நான் உன்னப் பாக்கச் சொல்றது உண்மையில பாடுனவங்கள. விருது குடுத்தப்ப அவங்களுக்கு எதுவும் கிடைக்கல, விஷயம் உடைஞ்ச பிறகும் பெருசா எதுவும் கிடைக்கல. நாளைக்கு யாரோ ஒருத்தர் மொபைல்ல எடுத்த வீடியோல வாய் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் போகறது தெரிஞ்சுட்டா, மேடத்துக்காகப் பேச லட்சம் ரசிகர் இருக்காங்க, பேண்ட் லீடர் எனக்குத் தெரியாதும்பாரு, உனக்காகப் பேச யாரு இருக்கா சொல்லு.

ஆனா இத அவர்கிட்ட மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ல வேண்டாம். அவரும் நாலு பக்கமும் நெருக்கடியில இருக்கற மனுஷன்தான், அவருக்கு வேண்டியது அந்த மூணு பாட்டு மேடையில நிக்கணும், அவ்ளோதான். அதுக்கு வழி நீயே குடு. சரணத்துல உச்சம் வர்ற வரிய கோரஸ் பகிரங்கமா எடுத்துக்கட்டும், மேடம் அதுக்குக் கீழ ஒரு மூணாவது ஸ்வரத்துல ஹார்மனி பாடட்டும், கேக்கவும் புதுசா இருக்கும். இல்லன்னா பாட்ட முழுசா பாடாம பல்லவியும் ஒரு சரணமும் மட்டும், நாலஞ்சு பாட்ட கோத்துப் பாடற மெட்லியில சேக்கலாம். இல்லன்னா அந்த வரிய ஜனங்ககிட்ட விட்டுடலாம், தமிழ் ஆடியன்ஸுக்கு ஹிட் பாட்டோட சரணம் மனப்பாடம், மைக்க நீட்டுனா போதும் அரங்கமே பாடும். "நான் மேடம்கூட சேர்ந்து எவ்ளோ வேணா பாடறேன் சார், மேடத்துக்குப் பதிலா பாடறது மட்டும் வேண்டாம், அந்த மூணு பாட்டுக்கு இப்படிப் பண்ணலாமா"ன்னு கேளு. பாட்டு தெரிஞ்ச பேண்ட் லீடரா இருந்தா யோசிப்பாரு. கோவப்பட்டு வேற ஆள் பாத்துக்கறேன்னு சொன்னா, அந்த வேலை போறதுல உனக்கு நஷ்டம் இல்ல.

அடுத்தது கர்ட்டன். சேர்ந்து பாடற வேலைக்கு நீ ஒளிஞ்சு நிக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல, மேடையில மத்த கோரஸ் பொண்ணுங்க பக்கத்துல நில்லுன்னு சொன்னா யாருக்கும் உறுத்தாது. நான் இத மானப் பிரச்சனையா மட்டும் சொல்லல, வேலைக்கே அதுதான் நல்லது. ஒருத்தர் கூட சேர்ந்து ஒரே ஸ்வரத்துல பாடணும்னா அவங்க மூச்சு எடுக்கறது உனக்குத் தெரியணும், தோள்பட்டை ஏறறத வெச்சே அடுத்த வரி எப்ப வரும்னு நமக்குப் புரியும், கை எப்படி அசையுதுன்னு பாத்தா இன்னைக்கு அந்தச் சங்கதிய இழுக்கப் போறாங்களா வெட்டப் போறாங்களான்னு தெரியும். கர்ட்டனுக்குப் பின்னாடி இது எதுவும் கிடையாது. மேடையில இடமே இல்லன்னு சொன்னா, நீ நிக்கற இடத்துல மேடத்த நேரா காட்டற ஒரு சின்ன மானிட்டர் ஸ்க்ரீன் வேணும்னு கேளு, காதுல மாட்டற இன்-இயர்ல அவங்க குரல் உன் குரலவிடக் கூடுதலா வேணும்னு மானிட்டர் இன்ஜினியர்கிட்ட சொல்லு.

பாடற விதத்தப் பத்தி நீ கேக்கல, ஆனா இதுலதான் கல்யாணக் கச்சேரியில நல்லாப் பாடற பொண்ணுங்க முதல் ரிகர்சல்லயே தடுமாறுவாங்க, அதனால சொல்றேன். இதுவரைக்கும் நீ உன் குரல் தெரியணும்னு பாடி இருப்ப, இங்க அவங்க குரல் தெரியணும்னு பாடணும். வல்லின எழுத்த நீ அழுத்தக்கூடாது, க், ச், ட், த், ப் எல்லாம் அவங்க வாயில இருந்து மட்டும் வரட்டும், நீ அத லேசா தொட்டுட்டு உயிரெழுத்துல போய் சேந்துக்கோ, இல்லன்னா ரெண்டு "ச்" ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு விழுந்து ரெண்டு பேரு பாடறது பச்சையா தெரிஞ்சுடும். அவங்க "ஆ"வ எவ்ளோ அகலமா தெறக்கறாங்களோ அவ்ளோதான் நீயும். உன் குரல்ல இயல்பா வர்ற அசைவு, நீளமான ஸ்வரத்துல கடைசியில வர்ற அந்த நடுக்கம், அதெல்லாம் எடுத்துடு. அவங்களுக்கு முன்னாடி மட்டும் எந்த வரிக்கும் போயிடாத, ஒரு இம்மி பின்னாடி வந்தா பரவால்ல, முன்னாடி போனா அவங்களுக்கே குழம்பிடும். முக்கியமா பழைய கேசட்டுல இருக்கற சங்கதியப் படிச்சுட்டுப் போகாத, முப்பது வருஷம் பாடிப் பாடி அவங்க அத எங்கயோ மாத்தி இருப்பாங்க, அதனால சமீபத்துல நடந்த ரெண்டு மூணு ஷோவோட மிக்ஸர் ரெக்கார்டிங் வேணும்னு இப்பவே கேட்டு வாங்கி அதக் கேட்டு ப்ராக்டிஸ் பண்ணு.

இன்னொரு ஆபத்து இந்த வேலைக்கே உரியது. நீ மூணு மணி நேரமும் பாடப் போறதில்ல. இருபது நிமிஷம் சும்மா இருப்ப, திடீர்னு ஒரு தார ஸ்தாயி பஞ்சமம், அப்புறம் மறுபடி சும்மா. ஆறிப் போன குரல்ல நேரா உச்சத்துக்குப் போனா தொண்டைக்கு அதவிட மோசமான வேலை கிடையாது, அதுவும் ஏசி ஹால்ல. உன் மைக் ஆஃப்ல இருக்கும்போதும் எல்லாப் பாட்டையும் உதடு மூடி மெதுவா ஹம் பண்ணிக்கிட்டே இரு, ஒரு ஸ்ட்ரா வெச்சுக்கோ, அது வழியா ஊதிக்கிட்டே கீழ இருந்து மேல ஸ்வரம் போய் வா, ரெண்டு நிமிஷம் போதும். வெந்நீர் பிளாஸ்க் கையில இருக்கட்டும். இன்-இயர் சத்தத்தக் கூட்டிக்கிட்டே போகாத, 85 டெசிபல்ல 8 மணி நேரம் தாங்கற காதுக்கு 100 டெசிபல்ல கால் மணி நேரம்தான் பாதுகாப்பு, அதுக்கு மேல ஒவ்வொரு ஷோவும் காத கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டுப் போயிடும். ஒரு காதுல மாட்டி ஒண்ணக் கழட்டிவிடற பழக்கம் நம்ம ஊர்ல நெறைய பேருக்கு இருக்கு, அப்படிப் பண்ணா மாட்டி இருக்கற காதுல தானா சத்தத்தக் கூட்டுவோம், ரெண்டையும் மாட்டு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஈஎன்டி டாக்டர்கிட்ட குரல்நாண பாக்கச் சொல்லிட்டுப் போ, ஸ்கூல்ல வாரத்துல அஞ்சு நாள் பிள்ளைங்களுக்குக் கத்திச் சொல்லிக் குடுக்கறவ நீ, டீச்சர்ங்களுக்குக் குரல்ல பிரச்சனை வர்றது சாதாரணமா நடக்கறது.

முத்திரை குத்திடுவாங்களான்னு கேட்டியே, அதுக்கு வர்றேன். உன்ன மாதிரியே ஸ்கூல்ல மியூசிக் டீச்சரா இருந்து, வார கடைசியில பேண்டுல பாடிக்கிட்டிருந்த ஒரு பொண்ணு அமெரிக்காவுல இருந்துச்சு, ஷெரில் க்ரோன்னு பேரு. 1987ல மைக்கேல் ஜாக்சனோட உலகச் சுற்றுப்பயணத்துல பின்னணி பாடகியா சேர்ந்து 1989 வரைக்கும் அவருக்குப் பின்னாடி நின்னு பாடுனாங்க, அவங்களோட முதல் ஆல்பம் வந்தது 1993ல, அதுக்கப்புறம் அவங்களே பெரிய ஸ்டார். இன்னொரு பக்கம் லிசா ஃபிஷர், 1992ல தன்னோட சொந்தப் பாட்டுக்கே கிராமி வாங்குனவங்க, இருந்தாலும் 1989ல இருந்து 2015 வரைக்கும் ரோலிங் ஸ்டோன்ஸ்ங்கற ராக் பேண்ட் கூட பின்னணிக் குரலா போய்க்கிட்டே இருந்தாங்க, விரும்பித்தான் போனாங்க. நம்ம ஊர்ல எஸ்.பி.பாலசுப்ரமணியம் ஒரு மெல்லிசைக் குழு வெச்சிருந்தாரு, அதுல கிடாரும் ஆர்மோனியமும் வாசிச்சது இளையராஜா. பிறகு இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷ்கிட்ட உதவியாளரா இருந்தப்ப, ரெக்கார்டிங் இடைவேளையில தான் எழுதுன நோட்ஸை அங்க இருக்கற வாத்தியக்காரங்கள வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாத்துப்பாரு. 1976ல அன்னக்கிளி வர்றப்ப அவரு எத்தனையோ வருஷம் மத்தவங்க இசைக்குப் பின்னாடி உக்காந்திருந்தவரு.

இதச் சொல்றது நீயும் அப்படி ஆயிடுவன்னு ஆசை காட்ட இல்ல. பின்னாடி நின்னவங்கள்ல பெரும்பாலானவங்க பின்னாடியேதான் இருக்காங்க, அதுல நிறைய பேரு வீடு கட்டி பிள்ளைங்கள படிக்க வெச்சு நல்லாவே வாழறாங்க. முன்னாடி போறதுக்கு இது க்யூ கிடையாது, மேடம் ஒரு நாள் உன்னக் கூப்பிட்டு ஒரு பாட்டு நீ பாடும்மான்னு சொல்வாங்கன்னு காத்துக்கிட்டு நின்னா ரெண்டாவது டூர்லயே மனசு கசந்துடும், அந்தக் கசப்பு குரல்ல தெரியும். போறதா இருந்தா இத ஒரு முழுத் தொழிலா நெனச்சுப் போ. தனிப் பாட்டு வேணும்னா அதுக்குத் தனியா உழைக்கணும், மாசம் ஒரு பாட்டாவது உன் பேர்ல, உன் குரல்ல, நீயே எடுத்துப் போடு, திருச்சியில சபாவோ கோயில் கச்சேரியோ கூப்பிட்டா விடாத. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கலாம்.

இனி பணமும் பேப்பரும். இங்க நான் கொஞ்சம் கறாராவே பேசுவேன். 1973 ஜனவரியில க்ளேர் டோரின்னு ஒரு லண்டன் பாடகிய பிங்க் ஃப்ளாய்ட்ங்கற ராக் குழு ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டுச்சு, வார்த்தையே இல்லாம வெறும் குரலால ஒரு முழுப் பாட்டையும் அவங்களே கற்பனை பண்ணிப் பாடுனாங்க, 30 பவுண்டு கூலி. அந்தப் பாட்டு வந்த ஆல்பம் உலகத்துலயே அதிகம் வித்த ஆல்பங்கள்ல ஒண்ணாச்சு. முப்பது வருஷம் கழிச்சு 2004ல கோர்ட்டுக்குப் போனாங்க, 2005ல சமரசம் ஆகி, அதுக்கப்புறம் வந்த பதிப்புகள்ல அந்தப் பாட்டுக்கு இசையமைச்சவங்கள்ல ஒருத்தரா அவங்க பேரும் சேர்ந்துச்சு. ஹாலிவுட்ல மார்னி நிக்சன், டெபோரா கெர், நடாலி வுட், ஆட்ரி ஹெப்பர்ன் மூணு பேருக்கும் படத்துல பாடுனவங்க, படத்துல அவங்க பேரு போடல, 1961ல வெஸ்ட் சைட் ஸ்டோரி படத்தோட பாட்டு ஆல்பத்துல தனக்கும் பங்கு வேணும்னு கேட்டாங்க, ஸ்டூடியோ அசையல, கடைசியில இசையமைப்பாளர் லியோனார்ட் பெர்ன்ஸ்டீன் தன்னோட ராயல்டியில ஒரு சதவீதத்துல கால் பங்க எழுதிக் குடுத்தாரு. எழுதிக் குடுத்தாருங்கறத கவனி.

நம்ம நாட்டுல உனக்குச் சட்டம் இருக்கு. 1957 காப்பிரைட் (பதிப்புரிமை) சட்டத்துல 38வது பிரிவு, பாடறவங்க வாசிக்கறவங்களுக்கு அவங்க நிகழ்ச்சி மேல 50 வருஷத்துக்கு உரிமை குடுக்குது, அதுல நீயும் வருவ, மேடம் மட்டும் இல்ல. 2012ல திருத்தம் வந்தப்ப 38அ, 38ஆன்னு சேத்தாங்க, உன் அனுமதி இல்லாம உன் பாட்ட பதிவு பண்ணவோ ஒளிபரப்பவோ கூடாது, பாடுனது நான்னு பேரு கேக்கற உரிமையும் உனக்கு உண்டு. ஆனா சினிமாவப் பொறுத்தவரைக்கும் அதே சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு, சின்னதா தற்செயலா வந்துபோற பங்களிப்பா இருந்து, பேரும் எங்கயும் போடலைன்னா, உன்ன கலைஞராவே எடுத்துக்க மாட்டாங்க, பாட்ட சிதைச்சா எதிர்க்கற உரிமை மட்டும்தான் மிஞ்சும். பேரு போடுங்கன்னு நாம கேக்கறத ஏதோ புகழுக்கு ஆசைப்படற மாதிரி பேசுவாங்க, அது சட்டப்படி நீ இருக்கியா இல்லையாங்கற விஷயம். பாடகர்களுக்கான உரிமைச் சங்கம் 2013ல பதிவாச்சு, முதல்ல இஸ்ரான்னு பேரு, இப்ப வாத்தியக்காரங்களையும் சேத்து இஸம்ரா, அதுல உறுப்பினராக முடியுமான்னு விசாரி.

இப்ப அந்த 15,000த்தப் பாப்போம். ஷோவுக்கு 15,000ன்னா கேக்க நல்லா இருக்கு, ஆனா அமெரிக்காவுல ஒரு ஷோவுக்குப் போக ஒரு நாள் வர ஒரு நாள், நடுவுல சவுண்ட்செக், அடுத்த ஊருக்குப் போற வரைக்கும் ஹோட்டல்ல காத்திருப்பு, அதுக்கு முன்னாடி சென்னையில ரிகர்சல், அதுக்கெல்லாம் ஸ்கூல்ல சம்பளமில்லாத லீவு. மொத்தத்த நாள் கணக்குல வகுத்துப் பாரு, அப்புறம் பேசு. ரிகர்சலுக்குத் தனியா, பயண நாளுக்குப் பாதியாவது, தினசரி சாப்பாட்டுப் படி தனியா, ஷோ ரத்தானா எவ்ளோ, எப்ப தருவாங்க, இதெல்லாம் கேக்கணும். கெளம்பறதுக்கு முன்னாடி பாதிப் பணம் கைக்கு வரணும், இதுல விட்டுக்குடுக்காத, டூர் முடிஞ்சு வந்து பேமென்ட்டுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையற பொண்ணுங்கள நான் நெறையப் பாத்துட்டேன், மனசு வலிக்கும். வரி பிடிச்சாங்கன்னா டிடிஎஸ் சர்டிபிகேட் வாங்கிடு. ஷோவ வீடியோ எடுத்து ஓடிடிக்கோ யூடியூப்புக்கோ குடுத்தா அதுக்குத் தனித் தொகை, இது ஒரே ஒரு வரிதான், ஆனா கண்டிப்பா அக்ரிமென்ட்ல இருக்கணும்.

வெளிய சொல்லக்கூடாதுங்கறதுல ஓரளவு நியாயம் இருக்கு. மேடத்தோட உடம்பு, ரூம்ல நடக்கற பேச்சு, எந்தப் பாட்டுல அவங்களுக்குச் சிரமம், இதெல்லாம் நீ உயிர் போனாலும் வெளிய பேசக்கூடாது, அக்ரிமென்ட்ல இல்லாட்டியும் பேசக்கூடாது. ஆனா நீ அந்த டூர்ல கோரஸ் பாடுனங்கறதே ரகசியம்னா அதுக்கு ஒத்துக்காத, அடுத்த வேலைக்குப் போறப்ப சொல்லிக்க உனக்கு அது வேணும். "இந்த நிகழ்ச்சியில குரல் உதவி"ன்னு குழுப் பட்டியல்ல ஒரு வரி போடுங்கன்னு கேளு, ஷோவோட கடைசியில பேண்ட அறிமுகப்படுத்தறப்ப உன் பேரையும் சொல்லச் சொல்லு.

விசா விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். டூரிஸ்ட் விசாவுல கூட்டிட்டுப் போறோம், இமிக்ரேஷன்ல கேட்டா சொந்தக்காரங்க வீட்டுக்குன்னு சொல்லிக்கோன்னு யாராவது சொன்னா அங்கயே நிறுத்திடு, மாட்டுனா பாஸ்போர்ட் உன்னுது. மலேசியாவுல வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு புஸ்பால்னு ஒரு அரசு அமைப்புகிட்ட நிகழ்ச்சி நடத்தறவங்க அனுமதி வாங்கணும், அந்தப் பட்டியல்ல உன் பேரு இருக்கான்னு பாரு. அமெரிக்காவுக்கு நம்ம ஊர் இசைக்குழுக்கள் வழக்கமா பி-3 வகை விசாவுல போவாங்க, கூட வர்ற உதவிக் கலைஞர்களுக்கும் அதுலயே வழி இருக்கு. நீ கர்ட்டனுக்குப் பின்னாடி இருந்தாலும் பாடறது வேலைதான். பாஸ்போர்ட்ட மேனேஜர்கிட்ட மொத்தமா குடுத்து வெக்காத. ரூம் யார்கூட ஷேர் பண்ணணும்னு முன்னாடியே தெரியணும், குழுவுல வேற பெண்கள் எத்தனை பேரு வர்றாங்கன்னு கேளு, யாரும் இல்லன்னா தனி ரூம் கேளு, ராத்திரி ஷோ முடிஞ்சு ஹோட்டலுக்கு எந்த வண்டியில கூட்டிட்டுப் போவாங்கன்னும் கேளு. இதெல்லாம் கேட்டா ரொம்ப பண்றான்னு நெனப்பாங்களோன்னு தயங்காத, ஒழுங்கா நடத்தறவங்க நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க.

அம்மா சொன்னதுல உண்மை இல்லாம இல்ல. அவங்க பயப்படறது பேரு தெரியாம உன் குரல் எங்கயோ போய் இன்னொருத்தருதா ஆயிடுமோன்னுதான், அந்தப் பயம் அந்த மூணு வாயசைப்புப் பாட்டுக்கு அப்படியே பொருந்தும். ஆனா அந்த மூணையும் எடுத்துட்டு, மேடையில நின்னு, எழுத்துல வாங்கிக்கிட்டு, சேர்ந்து பாடப் போற வேலைக்கு அது பொருந்தாது. அம்மாவ ஒரு நாள் ரிகர்சலுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமான்னு பேண்ட் லீடர்கிட்ட கேளு, கண்ணால பாத்தா பாதி பயம் போயிடும். அவர் யோசிக்காம வேண்டாம்னு சொன்னாருன்னா அதையும் மனசுல குறிச்சுக்கோ.

இன்னைக்கு ராத்திரி அவருக்கு அனுப்ப ஒரு மெசேஜ் எழுதித் தர்றேன், உன் பாணியில மாத்திக்கோ: "சார், கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி, மேடம்கூட பாட எனக்கு ரொம்ப ஆசை. சேர்ந்து பாடற பாட்டு எல்லாத்துக்கும் நான் ரெடி, வாயசைப்புப் பாட்டு மூணுக்கு மட்டும் வேற ஐடியா இருக்கு, நேர்ல சொல்றேன். மேடையில கோரஸ் கூட நிக்க இடம் கிடைக்குமான்னு சொல்லுங்க. தேதி, ரிகர்சல், சம்பளம், விசா எல்லாம் போட்டு ஒரு அக்ரிமென்ட் அனுப்புனீங்கன்னா ஸ்கூல்ல லீவு சொல்ல வசதியா இருக்கும்." போன்ல பேசி முடிக்காத, மெசேஜாவே அனுப்பு, அவர் பதிலும் எழுத்துல இருக்கும். அக்ரிமென்ட் வந்தா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பு, வீடியோ உரிமை பத்தின வரியையும் பேமென்ட் தேதியையும் நான் பாத்துச் சொல்றேன்.